வெயிலுக்குக் காசு: சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் ஏழு வருடச் சோலார் கணக்கு

கிழக்கிலங்கையில் சம்மாந்துறைப் பக்கத்தில் உள்ள ஓர் அரிசி ஆலை 2018-இன் நடுப்பகுதியில் தன் தகரக் கூரையில் 40 கிலோவாட் சோலார் போட்டது. கடன் வாங்கித்தான் போட்டது. அரசு நல்ல விலைக்கு மின்சாரத்தை வாங்குகிறேன் என்று சொல்லியிராவிட்டால் போட்டே இருக்க மாட்டேன் என்று முதலாளியே ஒளிக்காமல் சொல்கிறார். 2025-இல் ஏழு வருடம் முடிந்தது. யூனிட்டுக்குக் கிடைத்து வந்த 22 ரூபா 15.50 ஆகக் குறைந்தது. அந்த ஊக்குவிப்பு உண்மையில் எதற்கு வேலை செய்தது, எதைத் தொடாமலே விட்டது என்பதை இப்போது கணக்குப் பார்க்கலாம்.

ஆலையின் பெயர் வேண்டாம். ஆளை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று பக்கத்து ஆலைகளின் விபரங்களையும் கலந்து, தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன். ஆகவே இதை ஒரு மாதிரி ஆலையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டண வீதங்கள், ஆண்டுகள், அரசு அறிவிப்புகள் எல்லாம் உள்ளபடி.

ஆலை எப்படி ஓடுகிறது

அம்பாறை மாவட்டம் நாட்டிலேயே அதிகம் நெல் விளையும் மாவட்டங்களில் ஒன்று. பெரும்போக அறுவடை வந்தால் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வீதிகளில் நெல் லொறிகள்தான். அதில் ஒரு பங்கு இங்குள்ள ஆலைகளுக்குப் போகும். பெரும் பங்கு பொலன்னறுவைப் பெரிய ஆலைகளுக்குப் போகும். நம்முடைய ஆலை சிறியது. சீசனில் ஒரு நாளைக்குப் பத்துத் தொன் நெல்லைப் புழுங்கல் அரிசியாக்கும். சிறுபோகத்துக்கும் பெரும்போகத்துக்கும் இடையில் சில கிழமைகள் பாதி நாள் ஓட்டம், அல்லது மூடிக் கிடக்கும்.

மின்சாரம் மோட்டார்களுக்கு: எலிவேட்டர், உமி நீக்கும் இயந்திரம், பொலிஷர். 42 கேவிஏ இணைப்பு, அதாவது மின்சார சபையின் ‘கைத்தொழில் 1’ என்ற சிறிய வகுப்பு. ஆனால் இந்த ஆலையின் பெரிய எரிசக்திச் செலவு மின்சாரமே அல்ல, வெப்பம்தான். நெல்லை அவிக்க நீராவி வேண்டும். அந்த நீராவியைத் தருவது ஆலையின் சொந்த உமி. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. பத்துத் தொன் நெல் குற்றினால் இரண்டு தொன் உமி கிடைக்கும். கொதிகலனுக்குப் போக மிஞ்சியதைச் செங்கல் சூளைக்காரர் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

எனவே கூரையில் ஒரு பலகை ஏறும் முன்பே இந்த ஆலை தன் தேவையில் பெரும் பகுதியைப் புதுப்பிக்கத்தக்க எரிபொருளில்தான் ஓட்டிக்கொண்டிருந்தது. அதற்கு யாரும் ஒரு சதம் கொடுத்ததில்லை; அது யாருடைய கணக்கிலும் பசுமை என்று ஏறவும் இல்லை. (இங்கினியாகலையில் கல்லோயா அணைக்கட்டின் நீர் மின்சாரம் 1950-களிலிருந்தே ஓடுகிறது. இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்பது வெளியூர்ச் சரக்கு இல்லை.)

22 ரூபாவின் கணக்கு

வீட்டுக் கூரை மின்சாரத்தை வலையமைப்போடு இணைக்கும் ஏற்பாடு 2010 அளவிலேயே நெட் மீற்றரிங் என்ற பெயரில் வந்துவிட்டது. ஆனால் அதில் காசு கையில் வராது. மிஞ்சிய யூனிட் அடுத்த மாதத்துக்குப் போகும், அவ்வளவுதான். 2016 செப்டெம்பரில் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற கூரைச் சோலார் ஊக்குவிப்புத் திட்டம் வந்தபோதுதான் கதை மாறியது. நெட் மீற்றரிங்கோடு நெட் அக்கவுண்டிங், நெட் பிளஸ் என்று மேலும் இரண்டு வழிகள் திறந்தன. நெட் அக்கவுண்டிங்கில் பாவித்தது போக மிச்சத்துக்குக் காசு. நெட் பிளஸில் உற்பத்தி முழுவதையும் விற்கலாம். பாவிப்பதற்குத் தனியாக பில் கட்ட வேண்டும். இரண்டிலும் 20 வருட ஒப்பந்தம். முதல் 7 வருடம் யூனிட்டுக்கு 22 ரூபா, அடுத்த 13 வருடம் 15.50.

நம் முதலாளி நெட் பிளஸை எடுத்தார். ஏன் என்று கேட்கவே தேவையில்லை. அன்றைக்குக் கைத்தொழில் 1 வகுப்புக்கு மின்சார விலை, மாதம் 300 யூனிட்டுக்கு மேல் போனால், யூனிட்டுக்கு 12.20 ரூபா. 12.20-க்கு வாங்கி 22-க்கு விற்கலாம் என்றால் எந்த வியாபாரிதான் தன் மின்சாரத்தைத் தானே பாவிப்பான்? கூரையில் விளைந்த மின்சாரம் ஒரு மீற்றர் வழியாக வெளியே போகும். அனல் மின்சாரமும் நீர் மின்சாரமும் கலந்தது இன்னொரு மீற்றர் வழியாக உள்ளே வரும். மின்சாரத்துக்கு எது எந்தப் பக்கம் போகிறதென்று தெரியாது, காசுக்குத் தெரியும்.

இனிக் கடன். அந்த நேரம் ஆசிய அபிவிருத்தி வங்கி கூரைச் சோலாருக்கென்றே 50 மில்லியன் டொலர் கடனை இலங்கைக்கு 2017-இல் ஒதுக்கியிருந்தது. அது உள்ளூர் வங்கிகள் வழியாகச் சந்தை வட்டியைவிடக் குறைந்த வட்டிக்கு வாடிக்கையாளருக்குப் போனது. நம் ஆலைக்கு 60 இலட்சம், 10 சதவீதம், ஏழு வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 99,600 ரூபா.

கிழக்கின் வெயிலில் ஒரு கிலோவாட் பலகை மாதத்துக்குச் சுமார் 115 யூனிட் தரும். வாடைக்காற்று மழை பெய்யும் மார்கழி, தை மாதங்களில் குறையும், பங்குனி சித்திரையில் கூடும். சராசரியாக இது நியாயமான கணக்கு. 40 கிலோவாட்டுக்கு 4,600 யூனிட். அதை 22 ரூபாவால் பெருக்கினால் 1,01,200 ரூபா.

தவணை 99,600, வரவு 1,01,200. இந்த இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தத் திட்டத்தை வகுத்தவர்களின் யோசனை புரியும். வெயில் கடனைக் கட்டும். ஏழு வருடம் முடியும்போது கடனும் முடியும். மறுகா வரும் 15.50 என்ற குறைந்த விலை முழுவதும் ஆலைக்கு. அதாவது மாதம் 71,300 ரூபா வீதம் இன்னும் 13 வருடம். கையிலிருந்து ஒரு சதம் போடாமல் கூரை உழைக்கும். உண்மையைச் சொன்னால், இலங்கையில் நான் பார்த்த ஊக்குவிப்புத் திட்டங்களில் இவ்வளவு பொருத்தமாகப் பின்னப்பட்டது வேறில்லை.

ஆனால் இந்தப் பின்னலுக்கு இரண்டு முடிச்சு. ஒன்று, வட்டி. அதே 60 இலட்சத்தைச் சலுகைக் கடன் இல்லாமல் 14 சதவீதத்துக்கு எடுத்திருந்தால் தவணை 1,12,400 ரூபாவைத் தாண்டும். மாதாமாதம் 11,000 ரூபா அளவு கையிலிருந்து போட வேண்டும். மற்றது, காலம். கடன் ஏழு வருடத்துக்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் கடனின் வால் 15.50 ரூபாக் காலத்துக்குள் போய்விழும்.

விழுந்தது.

மொரட்டோரியம், பசளை, இருட்டு

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. சிறு, நடுத்தரத் தொழில்களுக்குக் கடன் தவணையை நிறுத்திவைக்கலாம் என்று மொரட்டோரியம் அறிவித்தார்கள். ஆலை அதை ஒரு வருட அளவுக்கு எடுத்துக்கொண்டது. அரிசி ஆலைகள் கொரோனாவில் மூடப்படவில்லை, சோலாரும் நின்றுவிடவில்லை. மாதம் ஒரு இலட்சம் வந்துகொண்டேயிருந்தது. அந்தக் காசு கடனுக்குப் போகாமல் நெல் வாங்கப் போனது. அந்த நேரத்தில் அது சரியான முடிவு. கையில் காசு இருந்தவன்தான் அந்தப் பெரும்போகத்தில் நெல் வாங்கினான்.

ஆனால் நிறுத்திவைத்த தவணைக்கும் வட்டி ஓடியது. இரண்டு வருடம் கட்டியபின் மிச்சமிருந்த முதல் 47 இலட்சத்துக்குக் கிட்ட. ஒரு வருட வட்டி கிட்டத்தட்ட நாலே முக்கால் இலட்சம், அது முதலோடு சேர்ந்தது. கடன் 2025-க்குப் பதில் 2026-க்கும் அப்பால் நீண்டது. ஒப்பந்தத்தின் ஏழு வருடம் மட்டும் நீளவில்லை. மின்சாரத்தை வாங்குபவருடைய கடிகாரமும் வங்கியின் கடிகாரமும் வேறு வேறு. மொரட்டோரியம் கொடுத்தபோது ஒன்றை நிறுத்தினார்கள், மற்றதை யாரும் நினைக்கவில்லை. இதன் விளைவாக 2025 நடுவிலிருந்து ஆலை 99,600 ரூபாத் தவணையை 71,300 ரூபா வரவிலிருந்து கட்டுகிறது. மாதத்துக்கு 28,300 ரூபா துண்டு விழுகிறது. ஆலை இதைத் தாங்கும். இதே கணக்கில் சிக்கிய சிறிய கடைக்காரர், தையல் நிலையக்காரர் எல்லோரும் தாங்குவார்களா என்பது வேறு கதை.

2021-இல் இன்னொரு ‘பசுமை’ வந்தது. இரசாயனப் பசளை இறக்குமதிக்கு ஒரே இரவில் என்று சொல்லத்தக்க தடை. அதற்கு ஊக்கத்தொகையும் இல்லை, கால அவகாசமும் இல்லை. நவம்பரில் தடையை விலக்கினார்கள், ஆனால் 2021/22 பெரும்போகம் அதற்குள் அடிவாங்கிவிட்டது. வயலில் நெல் குறைந்தால் ஆலையில் ஓட்டம் குறையும். ஒரே நாட்டில், நாலைந்து வருட இடைவெளியில், ஓர் அரசாங்கம் இருபது வருட ஒப்பந்தத்தோடு பொறுமையாக ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது, அடுத்த அரசாங்கம் வர்த்தமானி ஒன்றால் ஒரு மாற்றத்தைத் திணித்தது. எது நின்றது, எது விழுந்தது என்று அம்பாறை விவசாயியைக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் 2022. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. இந்தக் கட்டத்தில்தான் பலருக்குச் சோலாரைப் பற்றிய ஓர் உண்மை முதன்முதலாகத் தெரிந்தது: வலையமைப்பில் கரண்ட் இல்லையென்றால் கூரைச் சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷொக் அடிக்கக் கூடாதென்று இன்வேர்ட்டர் தானாகவே நிற்கும்படிதான் செய்திருக்கிறது. அதனால் உச்சி வெயிலில், தலைக்கு மேல் 40 கிலோவாட் பலகை காய்ந்துகொண்டிருக்க, கீழே ஆலை இருட்டில். ஜெனரேட்டருக்கு டீசல் வரிசை. வெட்டு நேரத்தில் விற்கவும் முடியாது. வருமானமும் நட்டம், ஓட்டமும் நட்டம்.

பேட்டரி இருந்திருந்தால்? 2016 திட்டத்தில் பேட்டரிக்கு ஒரு ரூபாவும் இல்லை. வலையமைப்புக்குக் கொடுத்த யூனிட்டுக்குத்தான் காசு. ஆகவே யாரும் போடவில்லை. நாட்டுக்கு வேண்டியது உற்பத்தி என்று நினைத்துத் திட்டம் வகுத்தார்கள். ஆலைக்கு வேண்டியது கரண்ட் நிற்காத ஓட்டம். இரண்டும் ஒன்றல்ல என்பது 2022 வரை யாருக்கும் உறைக்கவில்லை.

ஒரே கூரை, நாலு திகதி

2022 ஓகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதம். 12.20-க்கு வாங்கி 22-க்கு விற்ற காலம் போய், வாங்கும் விலை விற்கும் விலையைத் தாண்டிவிட்டது. 2018-இல் புத்திசாலித்தனமாக இருந்த நெட் பிளஸ் அந்த நாட்களில் தலைகீழானது. தன் மின்சாரத்தைத் தானே பாவித்துக்கொண்டிருந்தவர் தப்பினார். 2024-இலும் 2025 ஜனவரியிலும் வந்த குறைப்புகளுக்குப் பிறகுதான் மூச்சு வந்தது. 2025 ஜூனில் மீண்டும் 15 சதவீதம் ஏற்றினார்கள்.

புதிதாக இணைபவருக்கான விலையும் இதோடு சேர்ந்து ஏறி இறங்கியது. 2022 கடைசியில் 500 கிலோவாட் வரையான கூரைகளுக்கு 37 ரூபா என்றார்கள். 2024-இல் அது 27 ரூபா அளவுக்கு வந்தது. 2025-இல் அளவுக்கு ஏற்ற படிநிலை: 5 கிலோவாட் வரை 20.90 ரூபா, 20 முதல் 100 கிலோவாட் வரை 17.46, ஒரு மெகாவாட்டுக்கு மேல் 14.46.

நம் ஆலையின் அதே 4,600 யூனிட்டை இந்த விலைகளில் வைத்துப் பார்க்கலாம். 2018-இல் கையெழுத்துப் போட்டவருக்கு மாதம் 1,01,200, ஏழு வருடத்துக்குப் பின் 71,300. 2022 கடைசியில் போட்டவருக்கு 1,70,200. 2024-இல் போட்டவருக்கு 1,24,200. 2025-இல் போட்டவருக்கு 80,300. வெயில் ஒன்று, கூரை ஒன்று, பலகை ஒன்று. ஒப்பந்தத்தில் உள்ள திகதிதான் வேறு.

37 ரூபாக்காரரைப் பார்த்துப் பொறாமைப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2022-இல் டொலர் 200-லிருந்து 360-ஐத் தாண்டியது, பலகை, இன்வேர்ட்டர் எல்லாம் இறக்குமதி. மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வீதமே 2022 ஜூலையில் 15.5 சதவீதம், வணிக வங்கிகள் கேட்டது அதைவிட எவ்வளவோ மேலே. அதே பழைய 60 இலட்சத்துக்கே 25 சதவீத வட்டியில் தவணை 1,51,900 வரும். ஆகவே 37 ரூபா என்பது சலுகை மாதிரித் தெரிந்தாலும், யாரும் போடாமல் விட்டுவிடக் கூடாதென்று வைத்த விலைதான். உண்மையில் அடித்துக்கொண்டு போனவர்கள், அந்த நேரம் வங்கியிடம் போகாமல் கைக்காசில் போட்டவர்கள். அதற்குக் கைக்காசு வேண்டும். சம்மாந்துறையில் அப்படிப்பட்ட ஆலைகள் எத்தனை என்று விரல் விட்டு எண்ணலாம்.

வரிச் சலுகையிலும் இதே சாய்வு. தேசிய வலையமைப்போடு இணைந்த சோலாருக்குச் செலவழித்ததில் ஒரு வரி ஆண்டுக்கு 6 இலட்சம் ரூபா வரை தனிநபர் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று 2021 திருத்தத்தில் சேர்த்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் வரி கட்டுபவருக்குத்தான் வரிச் சலுகை. வருமானம் வரி வரம்புக்குக் கீழே உள்ளவருக்கு, அல்லது கோப்பே திறக்காதவருக்கு, இதில் ஒன்றுமில்லை. கம்பனி பெயரில் இருக்கும் ஆலைக்கும் இது வராது.

ஊறல் தண்ணீருக்கு மீற்றர் இல்லை

சோலாரை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஆலைக்குப் பின்பக்கம் போனால் வேறு கதை. புழுங்கல் அரிசிக்கு நெல்லை முதலில் ஊறப்போட வேண்டும். ஒரு கிலோ நெல்லுக்கு ஒரு லீற்றருக்குக் குறையாத தண்ணீர். பத்துத் தொன் நெல்லுக்குப் பத்தாயிரம் லீற்றர். பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறினால் அது புளித்து நாறும். உமியில் உள்ளது, நெல்லில் உள்ளது எல்லாம் கரைந்து மஞ்சளாக வரும் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? பெரும்பாலும் வாய்க்காலுக்கு. வாய்க்கால் வயலுக்கோ தோணாவுக்கோ களப்புக்கோ. ஏறாவூர், ஓட்டமாவடிப் பக்கத்து ஆலைகளிலும் கதை ஒன்றுதான். அங்கே அது மட்டக்களப்பு வாவியையோ வாழைச்சேனைக் கடனீரேரியையோ நோக்கிப் போகும்.

உள்நாட்டு நீர்நிலைக்கு விடும் கழிவு நீரில் உயிரிய ஒட்சிசன் கேள்வி (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஒட்சிசனின் அளவு) லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாதென்று சட்டம் சொல்கிறது. 1980-ஆம் ஆண்டின் 47-ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் ஆலைகளுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். நெல் ஊறிய தண்ணீர் அந்த 30-ஐப் பல மடங்கு தாண்டும். அதைச் சுத்திகரிக்காமல் நிபந்தனையைக் காப்பாற்ற முடியாது என்பது ஆலைக்காரருக்கும் தெரியும், பரிசோதிக்க வருபவருக்கும் தெரியும்.

இதற்குத் தீர்வு விண்வெளி விஞ்ஞானம் இல்லை. நெல்லைச் சுடுநீரில், 60 முதல் 70 பாகை செல்சியஸில், ஊறவைத்தால் மூன்று நாள் வேலை சில மணி நேரத்தில் முடியும். புளிப்பதற்கு நேரமில்லை, நாற்றம் பெருமளவு போகும், அரிசியின் நிறமும் மணமும் நன்றாக வரும். சூடாக்க உமி இருக்கிறது. தொட்டி, குழாய், கொஞ்சம் வெப்பக் காப்பு, தண்ணீரைத் தேக்கி வைத்துத் தெளியவைக்கும் குழிகள். சோலாருக்குப் போட்ட காசில் சிறு பங்கு.

முதலாளியிடம் ஏன் காக்கா (அண்ணன்) இதை முதலில் செய்யவில்லை என்று கேட்டேன். சிரித்துவிட்டு, “வெயிலுக்குக் காசி தாராங்க தம்பி. இந்தத் தண்ணிய நல்லா வெச்சா ஆரு தாரது?” என்றார்.

இந்த ஆய்வில் நான் சொல்ல நினைத்தது முழுவதும் அவர் கேட்ட கேள்விக்குள் இருக்கிறது. நம் நாட்டின் பசுமை ஊக்குவிப்பு மீற்றரில் ஓடுவதற்குத்தான் காசு கொடுக்கிறது. யூனிட் எண்ணலாம், விலை போடலாம், இருபது வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதலாம். வாய்க்காலுக்குள் போகாத அழுக்கை எப்படி எண்ணுவது? வங்கிக்கும் இதுதான் சிக்கல். மத்திய வங்கி 2022 மே மாதத்தில் பசுமை நிதி வகைப்பாடு ஒன்றை வெளியிட்டது. எது பசுமைக் கடன், எது இல்லை என்று வங்கிகள் ஒரே மாதிரிப் பார்க்கட்டும் என்பதற்காக. சோலார் என்றால் உத்தியோகத்தர் ஒரு நிமிடத்தில் சரி போடுவார். ஊறல் தொட்டிக்குக் கடன் கேட்டால், “இந்தத் தொட்டி மாசம் எவ்வளவு உழைக்கும்?” என்று கேட்பார். அவரும் தன் வேலையைத்தான் செய்கிறார்.

கழிவு சுத்திகரிப்புக்குச் சலுகைக் கடனே இருந்ததில்லை என்று சொல்லவில்லை. ஜப்பான் உதவியில் ‘ஈ-பிரண்ட்ஸ்’ என்று ஒரு கடன் நிதி முன்பு இருந்தது, மாசைக் குறைக்கும் கருவிகளுக்குக் குறைந்த வட்டியில் கொடுத்தது. ஆனால் குறைந்த வட்டியானாலும் கடன் கடன்தான். சோலார்க் கடனைச் சோலாரே கட்டும். தண்ணீர்த் தொட்டிக் கடனை அரிசி கட்ட வேண்டும். அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை இருக்கும் நாட்டில் அந்தச் செலவை விலையில் ஏற்றவும் முடியாது. பெரிய ஆலை ஏற்றாமல் தாங்கும். சிறிய ஆலை வாய்க்காலை நம்பும்.

சாம்பலும் அப்படித்தான். எரித்த உமியில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்ட சாம்பல். அதில் பெரும்பகுதி சிலிக்கா, சீமெந்தோடு கலக்கக்கூடிய பொருள். இங்கே அது ஆலைக்குப் பின்னால் குவிந்து, கச்சான் காற்றில் அடுத்த வீட்டு உடுப்புக் கொடிக்குப் போகிறது.

வெயில் கூடிப்போனால்

சோலாருக்குக் கொடுத்த ஊக்கம் வேலை செய்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நாடு முழுவதும் கூரைச் சோலார் 1,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. வவுணதீவில் தரையில் போட்ட 10 மெகாவாட் நிலையம் தனி. ஆனால் அந்த வெற்றியே இப்போது விலையைக் கீழே இழுக்கிறது. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடே இருண்டபோது பாணந்துறை உப மின் நிலையத்தில் பாய்ந்த குரங்கைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அன்று ஞாயிறு, தேவை குறைவு, வெயில் அதிகம், அதிர்ச்சியைத் தாங்கிக்கொடுக்கும் சுழலும் பெரிய மின் உற்பத்தி இயந்திரங்கள் குறைவு என்பதால் வலையமைப்பு ஓர் அதிர்ச்சியைத் தாங்கும் நிலையில் இல்லை என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. அந்தச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், 13-ஆம் திகதி தொடங்கி, பகலில் கூரைச் சோலாரை அணைத்து வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. ஆறேழு வருடத்துக்கு முன் போடுங்கள் போடுங்கள் என்று அழைத்த அதே கூரைகளை.

கிராமத்து லைனில் இதற்கு இன்னொரு முகம். வோல்டேஜ் 230-க்கு மேல் 6 சதவீதம் வரை, அதாவது 244-க்குச் சற்றுக் குறைவாக, போகலாம். நடுப்பகலில் ஒரே ட்ரான்ஸ்போமரில் பல கூரைகள் தள்ளும்போது, பாவிப்பவர் குறைவென்றால், வோல்டேஜ் அந்த வரம்பைத் தொடும், இன்வேர்ட்டர் நிற்கும். லைனின் கடைசியில் இருப்பவருக்கு முதலில் நிற்கும். அந்த யூனிட்டுக்குக் காசு இல்லை. ட்ரான்ஸ்போமரில் இடமில்லை என்று புதிய விண்ணப்பங்கள் திரும்புவதும் இதனால்தான். முதலில் போட்டவர் இடத்தைப் பிடித்தார். முதலில் போட்டவர் யார் என்றால், வங்கிக்கு அடமானம் வைக்கக் காணி உறுதி இருந்தவர்.

இந்தப் பின்னணியில் 2025-இல் வந்த ஒரு விலை கவனிக்கத்தக்கது: பேட்டரியில் சேமித்து மாலை உச்ச நேரத்தில் கொடுக்கும் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 45.80 ரூபா. முதன்முறையாக எவ்வளவு என்பதோடு எப்போது என்பதற்கும் ஒரு விலை வந்திருக்கிறது. அரிசி ஆலைக்காரர் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார். நெல் அறுவடையில் விற்றால் ஒரு விலை, மூன்று மாதம் களஞ்சியத்தில் வைத்து விற்றால் வேறு விலை என்பது அவருடைய தொழில்தானே.

இப்போது மேசையில் இருப்பது

முதலாளியிடம் இரண்டு விலைக் கோரல் இருக்கிறது. ஒன்று பேட்டரிக்கு, கொண்டுவந்தவர் 45.80-ஐப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார், பேட்டரி எத்தனை வருடம் நிற்கும் என்பதைச் சிறிய எழுத்தில். மற்றது சுடுநீர் ஊறல் தொட்டிக்கும் தெளியவைக்கும் குழிகளுக்கும். கலர் சோட்டர் (நிறம் கெட்ட அரிசியைப் பிரிக்கும் இயந்திரம்) ஒன்று வாங்கும் யோசனையும் ஓடுகிறது. ஆனால் அதைப் போட்டால் 42 கேவிஏ போதாது, அடுத்த வகுப்புக்கு ஏற வேண்டும், அங்கே யூனிட் விலையோடு உச்சக் கேள்விக்கு (ஒரே நேரத்தில் இழுக்கும் அதிகபட்ச மின்சாரத்துக்கு) மாதாமாதம் தனிக் கட்டணம் வேறு. அது இப்போதைக்கு இல்லை என்று ஒதுக்கிவிட்டார்.

பேட்டரிக்கு வங்கி தயார் என்கிறது. தொட்டிக்கு இன்னும் கடிதம் வரவில்லை. பழைய சோலார்க் கடனில் மாதம் 28,300 ரூபா துண்டு விழுவது இன்னும் முடியாததால் புதுக்கடன் எதற்கும் இப்போது கையெழுத்துப் போடுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறார். தொட்டியை மட்டும் பெரும்போக நெல் காசு வந்ததும் கைக்காசில், பாதி அளவில், கட்டத் தொடங்கப் போகிறார். அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் திகதி அதற்குள் வந்துவிடும் என்பது ஒரு காரணம். மற்றக் காரணம், ஆலையை ஒட்டிப் புதிதாக வந்த வீடுகள். பிரதேச சபைக்கு முறைப்பாடு ஏற்கெனவே போய்விட்டது.